மருந்தில்லா வாணம்

சிவகாசியில் பிறந்தவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தொல்லை உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், எதிரே நிற்பவர் நம் சட்டைப் பையை ஒரு முறை உற்றுப் பார்ப்பார். அதிலிருந்து இரண்டு ஓலை வெடியாவது வெளிப்படும் என்று அவருக்கு நம்பிக்கை! தஞ்சாவூர்க்காரர் எல்லோருக்கும் வீணை வாசிக்கத் தெரியும் என்றோ, மதுரைக்காரர் எல்லோரும் சங்கப் புலவர் என்றோ யாரும் எண்ணுவதில்லை. சிவகாசிக்காரன் மட்டும் பிறக்கும்போதே கையில் திரியோடு பிறந்தவன் என்பது உலக வழக்காகிவிட்டது.

ஆகையால், பிப்ரவரி 28-ஆம் தேதி, தேசிய அறிவியல் நாளன்று, நம் சங்கத்தின் சார்பில் ஒரு ராக்கெட்டு விடுவது என்று செயற்குழு கூடித் தீர்மானித்தபோது, அதை யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. சர் சி. வி. ராமன் 1928-இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டறிந்த நாள் அது. "தமிழர் ஒருவரின் நாளில் காசியில் வாழும் தமிழ் மாணவர்கள் சும்மா இருக்கலாமா? அதுவும் சிவகாசியையே நம்மிடம் வைத்துக்கொண்டு?" என்று தலைவர் முழங்கினார். இருபது பேர் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு மயங்காதவர் யார்? நானும் எழுந்து நின்று, "செய்துவிடலாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் நான் செய்த காரியத்தின் கனம் எனக்கு விளங்கிற்று. நண்பர்களே, அந்தக் கூட்டத்தில் நான் சொல்லாமல் மறைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுக்குப் பிறகு நான் ஒரு கம்பி மத்தாப்பைக்கூடக் கொளுத்தியதில்லை.

எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலையைப் 'பயராபீசு' என்பார்கள். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த பொடிக்கு 'மருந்து' என்று பெயர். நோயைத் தீர்ப்பதற்கும் அதே சொல், ஆளைத் தீர்ப்பதற்கும் அதே சொல். என் சித்தப்பா ஒரு பயராபீசில் வாணம் செய்யும் பகுதியில் வேலை பார்த்தார். நான் 4-ஆம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகல் பள்ளிக்கூடத்தின் கூரை ஓடுகள் அதிர்ந்தன. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே சிறிது நேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மருந்து இடிக்கும் அறையில் எங்கோ ஓர் உராய்வு, ஒரு பொறி. சித்தப்பா உயிரோடு திரும்பினார். இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் திரும்பவில்லை.

அன்று இரவு அம்மா என்னைக் கூப்பிட்டுத் தலையில் கை வைக்கச் சொன்னாள். என் தலையில் அல்ல, அவள் தலையில். "ஐயா, நீ படிச்சு எங்கே வேணும்னாலும் போ. என்ன வேலை வேணும்னாலும் பாரு. மருந்துப் பக்கம் மட்டும் போகாதே" என்றாள். நானும் சத்தியம் செய்தேன். சித்தப்பா பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடை வைத்தார். அந்தப் பிற்பகலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் அவரிடம் வாணம் என்ற சொல்லையே எடுத்ததில்லை.

இதையெல்லாம் சங்கத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கைதட்டிய இருபது பேரிடம் போய், "எனக்குப் பட்டாசு என்றால் பயம்" என்று சிவகாசிக்காரன் எப்படிச் சொல்வான்? இன்றோ நாளையோ சொல்லிவிடலாம் என்று நாட்களைக் கடத்தினேன். ஜனவரியும் வந்துவிட்டது.

இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவர் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தீபாவளிக்கு வாங்கி மீந்துபோன ராக்கெட்டுகள் ஒரு டஜன் அவரிடம் இருந்தன. அவற்றைப் பிரித்து மருந்தை ஒன்று சேர்த்தால் ஒரு பெரிய ராக்கெட்டு ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் என்று ஒன்று இருப்பதும், உரிமம் இல்லாமல் இப்படிச் செய்வது குற்றம் என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர் கலங்கியிருப்பார் என்று தோன்றவில்லை. பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "கைராசி உன்னுடையது, நீயே பிரி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று இரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு ராக்கெட்டைப் பிரித்தேன். ஆம், பிரித்தேன், பொய் சொல்வானேன்? சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை மருந்து செய்தித்தாளின்மேல் விழுந்தது. அதன் வாசனை மூக்கில் ஏறிய அந்தக் கணத்தில், பள்ளிவிட்டு வரும் என்னைத் தூக்கிக்கொள்ளும் சித்தப்பாவின் சட்டை வாசனை என் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் என் கை நகரவில்லை. குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பன்னிரண்டு ராக்கெட்டுகளையும் அதில் அமிழ்த்தினேன். காகிதம் ஊறி, மருந்து கரைந்து, தண்ணீர் கறுத்தது. நண்பரின் சொத்தை அழித்த குற்றவுணர்ச்சியோடு படுக்கப் போனேன்.

வழி பிறந்தது ஒரு பழைய படத்திலிருந்து. ஃபிரிட்ஸ் லாங் என்னும் ஜெர்மானிய இயக்குநர் 1929-இல் எடுத்த 'சந்திரனில் ஒரு பெண்' என்ற ஊமைப் படத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் விடுதி அறையில் ஐந்தாறு பேர் மடிக்கணினியில் பார்த்தோம். சந்திரனில் தங்கம் தேடிப் போகும் கதை. கதை எப்படியாயினும், அதில் வரும் ராக்கெட்டு வேடிக்கையானது அல்ல. ராக்கெட்டு விஞ்ஞானத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் ஓபெர்த் அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலைகள், எரிந்து முடிந்த நிலையைக் கழற்றி விடுதல், கிளம்பும் வேகத்தில் பயணிகளை அழுத்தும் பாரம் என்று பல உண்மைகளை, மனிதன் சந்திரனுக்குப் போவதற்கு 40 ஆண்டுகள் முன்னதாகவே அந்தப் படம் காட்டிவிட்டது. ராக்கெட்டுக் கிளம்புமுன் எண்களைக் கீழ்நோக்கி எண்ணும் வழக்கமும் அதிலிருந்தே பரவியதாகச் சொல்வார்கள். மேல்நோக்கி எண்ணினால் எப்போது முடியும் என்று பார்ப்பவனுக்குத் தெரியாது; கீழ்நோக்கி எண்ணினால் பூஜ்யம் வரும் என்று தெரியும், நெஞ்சு படபடக்கும். அதுதான் லாங் செய்த தந்திரம்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு காட்சி. அந்த ராக்கெட்டு தரையிலிருந்து கிளம்பவில்லை; ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றுகொண்டு, தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுகிறது! அவ்வளவு மெலிதாகக் கட்டிய உடல் தானாக நிற்காது என்பதால் தண்ணீர் அதைத் தாங்குகிறதாம். கறுத்த தண்ணீர் நிறைந்த என் வாளி எனக்கு நினைவு வந்தது. 'தண்ணீர்!' என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிற்று.

அன்று இரவு ஓபெர்த்தைப் பற்றித் தேடிப் படித்தேன். படத்தின் விளம்பரத்துக்காக உண்மையிலேயே ஒரு ராக்கெட்டுச் செய்து பறக்கவிட அவர் ஒப்புக்கொண்டார். அதற்கான சோதனையில் வெடிப்பு ஏற்பட்டு, அவருடைய ஒரு கண் பழுதுபட்டது. குறித்த நாளில் ராக்கெட்டும் பறக்கவில்லை. நாடு எதுவானால் என்ன, கூட்டத்தின் கைதட்டல் மனிதனை ஒரே இடத்துக்குத்தான் இழுத்துப் போகிறது. அந்தப் படத்து ராக்கெட்டின் பெயர் 'ஃபிரீட'. 'அமைதி' என்று பொருள். ஆனால் 1942 அக்டோபர் 3-ஆம் தேதி முதன்முதலில் வெற்றிகரமாகப் பறந்த ஜெர்மானியப் போர் ராக்கெட்டின் அடியில் தீட்டியிருந்தது இதே சந்திரப் பெண்ணின் சித்திரந்தான். இரண்டு ஆண்டுகளில் அந்த இனத்து ராக்கெட்டுகள் லண்டன் மாநகரின்மேல் விழுந்தன. மருந்து என்ற சொல்லைப் போலத்தான் ராக்கெட்டும்!

மறுநாள் சங்க அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்: சித்தப்பாவின் கை, அம்மாவுக்குச் செய்த சத்தியம், வாளியில் கரைந்த ஒரு டஜன் ராக்கெட்டுகள். இரசாயன நண்பர் முதலில் சீறினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அப்படியானால் விழா?" என்றார் தலைவர். "ராக்கெட்டு உண்டு. தண்ணீரால் பறக்கும்" என்றேன். ஓரத்திலிருந்து ஒருவர், "சிவகாசிக்காரன் தண்ணீர் பீச்சப் போகிறானாம், ஹோலிப் பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை கைதட்டல் இல்லை. ஆயினும் மனம் லேசாக இருந்தது.

தண்ணீர் ராக்கெட்டின் தத்துவம் எளியது. குளிர்பானம் அடைத்து வரும் 2 லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றித் தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பினால் காற்றடிக்க வேண்டும். வாயைத் திறந்துவிட்டால், அமுங்கிய காற்றுத் தண்ணீரைக் கீழே தள்ளும். தண்ணீர் ராக்கெட்டை மேலே தள்ளும். தண்ணீர் மிகுந்தால் பாரம் கூடிக் காற்றுக்கு இடம் குறைந்துவிடும்; தண்ணீர் குறைந்தால் தள்ளுவதற்குப் பொருள் இராது. சோடா நுரையின் அழுத்தத்தைத் தாங்கச் செய்த புட்டியாகவே இருக்க வேண்டும். குடிதண்ணீர்ப் புட்டி ஆகாது. 60 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் வெளியேறத் தொடங்கும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்கு விநாடியில் அவ்வளவு தண்ணீரும் தீர்ந்துவிடும். மீதிப் பயணமெல்லாம் வெறும் உந்துதல்தான்.

லங்காக் கடைத்தெருவில் சைக்கிள் பம்பும் வால்வும் கிடைத்தன. (காசியில் லங்காவும் உண்டு, அருகிலேயே சங்கடம் தீர்க்கும் அனுமாரும் உண்டு என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே.) காற்றாடி செய்யும் பெரியவர் ஒருவர் மூங்கில் சிம்புகளையும் மெல்லிய காகிதத்தையும் காசு வாங்காமல் கொடுத்தார். வால் துடுப்புகளுக்குக் கனமான அட்டை வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த சென்ற ஆண்டு நாட்காட்டி என் சுவரில் தொங்கிற்று. அதன் அட்டையை மூன்றாக வெட்டி, நனையாதபடி வார்னிஷ் பூசினேன். சிவகாசி என்றால் பட்டாசு மட்டுமல்ல, நாட்காட்டியுந்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்ணம் பூசுவதில் ஒரு தகராறு. படம் கறுப்பு வெள்ளை. ராக்கெட்டு என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? ஓவியம் பயிலும் தோழி ஒருத்தி, "வெள்ளி பூசலாம். சந்திரனுக்குப் போவது வெள்ளிதான்" என்று தீர்ப்பளித்து, 'அமைதி' என்ற பெயரையும் நீல நிறத்தில் தமிழில் எழுதித் தந்தாள்.

முதல் சோதனையில் புட்டியின் வாயை ரப்பர் அடைப்பான் ஒன்றால் மூடியிருந்தோம். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கம்பீரமாக, "பத்து, ஒன்பது" என்று எண்ணத் தொடங்கினார். 'எட்டு' வருமுன் அடைப்பான் தானே பிடுங்கிக்கொள்ள, ராக்கெட்டுப் பறந்தது. தண்ணீர் முழுவதும் தலைவருக்குச் சேர்ந்தது. எண்ணிக்கைக்குக் கட்டுப்பட வேண்டுமானால், நாம் விடும்போது மட்டும் விடுகிற பிடி வேண்டும் என்று அறிந்தோம். மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளைக் குழாயைச் சுற்றி நிறுத்தி, அவற்றின் தலைகள் புட்டியின் கழுத்தைப் பற்றிக்கொள்ளும்படி ஒரு வளையத்தால் இறுக்கினோம். தூரத்தில் நின்று கயிற்றை இழுத்தால் வளையம் கீழிறங்கும், பிடி விடும்.

இரண்டாம் சோதனையில் பிடி சொன்னபடி விட்டது. ஆனால் ராக்கெட்டு பத்தடி ஏறியதும் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு விழுந்தது. மூன்றாவது, நான்காவது சோதனைகளும் அப்படியே. விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று இரவு வெகு நேரம் யோசித்துவிட்டு, மறுநாள் அதிகாலையில் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சித்தப்பா, ஒரு சந்தேகம். ராக்கெட்டு மேலே போகாமல் குட்டிக்கரணம் போடுகிறது."

மறுமுனையில் பேச்சு இல்லை. தேநீர் ஆற்றும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மருந்தா?"

"இல்லை, சித்தப்பா. தண்ணீர். காற்றடித்து விடுகிறோம்."

"தண்ணியா?" என்றார். பிறகு ஒரு சிரிப்பு. அப்படி அவர் சிரித்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. "சரி, விரல் மேலே வச்சுப் பாத்தியா?"

"விரலிலா?"

"வாணத்தைக் குச்சியோட எடுத்து ஆட்காட்டி விரல் மேலே குறுக்கே வைக்கணும்ப்பா. குழலோட வாயைத் தாண்டிக் கொஞ்சம் குச்சிப் பக்கமா வந்து சமமா நிக்கணும். இல்லைன்னா அது நேரே போகாது. உன்னதுக்குக் குச்சி இல்லையே? அப்ப வாலை அகலமாக்கு, தலையிலே கனத்தை ஏத்து. அம்பு மாதிரிதான். முனையிலே இரும்பு, பின்னாலே இறகு. ஒரு நாளைக்கு நூறு வாணம் அப்படிப் பாத்திருக்கேன்."

எந்தக் கை விரலில் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பயராபீசில் தாம் கற்ற வித்தையைப் பதினைந்து நிமிஷம் விடாமல் சொன்னார். கடைக்கு வந்த யாரோ கூப்பிட்டபோது, "சித்த பொறுங்க, காசியிலே இருந்து மகன் பேசுறான்" என்றார்.

பௌதிகம் பயிலும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் காகிதத்தில் படம் போட்டு, "எடை மையம் முன்னே இருக்க வேண்டும், காற்றின் அழுத்த மையம் பின்னே இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே உடலின் குறுக்களவு ஒன்றாவது இடைவெளி வேண்டும். உங்கள் சித்தப்பா சொன்னது அதுதான்" என்றார். தண்ணீர் நொடியில் தீர்ந்துவிடுவதால் காலிப் புட்டியை வைத்தே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கங்கைக் கரைக் களிமண் 80 கிராம் உருட்டிக் கூம்பின் முனையில் அப்பினோம். துடுப்புகளை அகலமாக்கினோம். எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றியபோது, ராக்கெட்டு மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றி வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 28 காலை. காற்று எழுமுன், அனுமான் கட்டத்திலிருந்து படகுகளில் அக்கரை மணல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாலிப வயதில் பாரதியார் வாழ்ந்த பகுதி எதிர்க்கரையில் தெரிந்தது. படகோட்டிகளும் சிறுவர்களும் சேர்ந்து ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். மணலில் ஒரு தகரத் தொட்டியைப் புதைத்து நீர் நிரப்பி, அதன் நடுவே 'அமைதி'யை நிறுத்தினோம், படத்தில் பார்த்தபடியே. புட்டிக்குள் ஊற்றியதும் கங்கை நீர்தான். எல்லோரையும் முப்பது அடிக்கு அப்பால் நிறுத்திவிட்டு 60 பவுண்டு வரை காற்றடித்தோம். அதற்குமேல் ஒரு பவுண்டுகூடக் கூடாது என்று நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

"பத்து, ஒன்பது, எட்டு..." சிறுவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் 'மூன்று, இரண்டு' வரும்போது அவர்களும் கத்தினார்கள். கயிற்றை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை! ஒரு கணம் என் இருதயம் நின்றது. மறுபடி பலமாக இழுத்தேன். 'புஸ்' என்று ஓர் ஓசை, வெள்ளைச் சாரல், அதற்குமேல் வெள்ளியாக ஒரு கோடு. மூக்கு சற்றும் அசையாமல் நேராக ஏறிற்று. ஐம்பது மீட்டர் தள்ளி நின்ற பௌதிக நண்பர், பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிய தம் கருவியால் 35 பாகை என்று குறித்தார். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35 மீட்டர். 1926 மார்ச் 16-ஆம் தேதி அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் விட்ட உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டு எட்டிய உயரம் 41 அடிதான்; அதாவது சுமார் 12½ மீட்டர். அவரையும் நாம் வென்றோம் என்று தலைவர் அறிவித்தார். கோடார்ட் மன்னிப்பாராக!

குடைத்துணியில் செய்த பாராசூட்டு விரியவில்லை. 'அமைதி' மூக்கு கீழாக மணலில் குத்தி நின்றது. ஐந்து விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓடிப் போய் எடுத்தோம். கூம்பு நசுங்கி, வண்ணம் பெயர்ந்து, பெயரில் 'தி' மட்டும் உதிர்ந்து 'அமை' என்று நின்றது. "இன்னொன்று அமை என்று உத்தரவாகிறது!" என்று இரசாயன நண்பர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவர்தான் மற்றவர்களுக்கு முன்னால் கைதட்டியவர்.

படகில் திரும்பும்போது வீட்டுக்குப் பேசினேன். அம்மா முதலில் கேட்ட கேள்வி, "கை கால் எல்லாம் நல்லா இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றேன். "அப்ப வரும்போது ஒரு செம்புல கங்கைத் தண்ணி கொண்டு வா" என்றாள். சித்தப்பா உயரத்தை மட்டும் கேட்டார். சொன்னேன். "தண்ணிக்கு அது அதிகம்ப்பா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதை அப்படியே ஊருக்குக் கொண்டு வா. விரல் மேலே வச்சுப் பாக்கணும்" என்றார்.

நசுங்கிய ராக்கெட்டு இப்போது என் பெட்டியில் அம்மாவின் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு இரண்டு நிலை ராக்கெட்டு வேண்டும் என்று செயற்குழு இப்போதே கேட்கிறது. நான் எழுந்து நின்று வாக்குக் கொடுக்கவில்லை. சித்தப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.